புழுநடைக்கு இரண்டு வீடு

நண்பர்களே, நாங்கள் எல்லாரும் சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். அதனால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் திடுக்கிட வைக்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் இருந்தது. போன கிழமை அது முறிந்தது. முறித்தவருக்கே தான் முறித்தது தெரியாது. அவர் பாவம், பழைய புத்தகம் ஒன்றின் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார், அவ்வளவுதான்.

பழுப்பேறிய தாள். ஓரத்தில் பூச்சி அரித்த துவாரம். நடுவில் இப்படி இருந்தது:

"புழுநடை: ஓரா மீனின் மேலில் புழு ஊர்ந்து போனதுபோல வளைந்து வளைந்து செல்லும் கோடுகள். குருநகர். இரண்டு வீடு."

கீழே அவருடைய கேள்வி: "உந்தச் சொல்லு எங்கையிருந்து வந்தது? ஆருக்கும் தெரியுமோ?"

உங்களுக்கு நினைவிருக்கும், அன்று முழுக்க ஒருவரும் வேறு வேலை பார்க்கவில்லை. மெல்பேணில் இருப்பவர் அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்றார். லண்டன்காரர் மலையாளக் கரையிலிருந்து வந்தது என்றார். சுன்னாகத்திலிருந்து எங்கள் பழைய வகுப்புத் தலைவர் ஏட்டுச்சுவடியில் கண்டிருக்கிறேன், தேடி எடுத்துப் போடுகிறேன் என்று நேரமும் குறித்தார். இன்னொருவர் ரோசாப்பூப் படத்துடன் காலை வணக்கம் சொன்னார். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நான் அப்போது தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் வரிசையில் இருந்தேன். என் வலதுகைச் சுட்டுவிரல் தொடையில் கோடு இழுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்பிள்ளை எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டா.

இந்தக் கோடு இழுக்கிற பழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியும். பயம் வந்தால் என் விரல் என்னைக் கேளாமல் தொடையில் ஊரத் தொடங்கும். வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து. சோதனை மண்டபத்தில் ஊர்ந்தது, பதுங்கு குழியில் ஊர்ந்தது, பல்லுப் பிடுங்குகிறவரின் நாற்காலியில் ஊர்ந்தது, கலியாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னும் ஊர்ந்தது. மனிசி முப்பது வருடமாக அதைப் பார்த்துவிட்டுத்தான், "இப்ப என்ன புதுப் பயம்?" என்று கேட்கிறவள்.

அன்றைக்குப் பயம் என்னவென்றால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போர்த்துக்கலிலிருந்தும் இல்லை, ஏட்டிலிருந்தும் இல்லை. பத்து வயதில், ஒரு திங்கட்கிழமை முன்னேரம், என் வாயிலிருந்து வந்தது. நான் விட்ட பொய் அது. முந்தாநாள் வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

குருநகரில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் நாய் வரும், கோழி வரும், கறிச்சட்டி வரும், பெரியப்பாவின் மகன் வருவான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அண்ணை என்றுதான் கூப்பிட வேண்டும். மனதுக்குள் நான் அவனுக்கு வைத்திருந்த பேர்களை இங்கே எழுதினால் குழு நிர்வாகி என்னை நீக்கிவிடுவார்.

நான் முழங்காலளவு தண்ணீரில் நின்று நடுங்கும்போது அவன் மண்டைதீவுப் பக்கம் பார்த்து நீந்திக்கொண்டிருப்பான். எங்கள் வேதக் கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசை. தலைமயிர் வைத்த பக்கம் படியும். என்னுடையதை எண்ணெய் போத்தல் முழுக்க ஊற்றினாலும் படியாது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவனிடம் என் அப்பா இருந்தார்.

கடற்கரைப் பெடியனுக்கு அப்பா இல்லை என்றால் கடல் கொண்டுபோனது என்றுதான் ஊர் நினைக்கும். பள்ளிக்கூடத்தில் நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவரைக் கொண்டுபோனது செங்கமாரி. கண் மஞ்சளாகி, இரண்டு கிழமை பாயில் கிடந்து, போய்விட்டார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. குரல் நினைவில்லை. ஈரச் சாரத்தின் உப்பு மணம் ஒன்று இருக்கிறது. அதுவும் அவருடையதா, கொடியில் காய்ந்த வேறு யாருடையதா என்று சொல்லமுடியாது.

அதற்குக் காரணம் என் ஞாபகமறதி மட்டும் இல்லை. பெரியவர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். "சின்னவனுக்கு முன்னாலை தேப்பனைப் பற்றிக் கதையாதையுங்கோ. பிள்ளை ஏங்கிப்போடும்." நான் குசினிக்குள் காலை வைத்தவுடன் பேச்சு நிற்கும். யாராவது ஒருவர், "சாப்பிட்டியா?" என்பார். வளர்ந்தவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் கதைப்பார்கள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அன்பினால் செய்த வேலைதான். ஆனால் அதன் பலன் என்ன? அப்பாவைப் பற்றிய கதை முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அண்ணைக்கு முன்னால் எல்லாரும் கதைத்தார்கள். அவன் ஏங்கமாட்டானாம், அவனுக்கு அவர் சித்தப்பாதானே.

அப்பாவின் மீன் வெட்டுகிற கத்தியும் அவனிடம்தான் இருந்தது. மான்கொம்புப் பிடி, தேய்ந்து மெலிந்த அலகு. சின்னவனுக்குக் கத்தி ஆகாது என்று அவனிடம் கொடுத்தார்கள். காற்சட்டை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவான். எனக்கு வயது வந்ததும் தருவார்கள் என்று காத்திருந்தேன். எனக்குப் பத்தானபோது அவனுக்குப் பதின்மூன்று ஆகிவிட்டது. அந்த மூன்று வருடத்தை அவன் ஒருநாளும் விட்டுத்தரவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு கதை இருந்தது, ஒவ்வொரு கோயில் பெருநாளுக்கும் பாயாசத்தோடு பரிமாறப்படும். நாலு வயதில் கரையில் கொட்டியிருந்த மீனுக்குள் ஓடிப்போய் ஓரா முள்ளை மிதித்தேனாம். ஓரா முள்ளு குத்தினால் பெரிய மீன்பிடிகாரனும் உட்கார்ந்துவிடுவான், அவ்வளவு கடுப்பு. நான் உட்காரவில்லை. "சுவாமியைக் கூப்பிடுங்கோ, நான் சாகப்போறன்" என்று, கடைசிப் பூசுதலுக்குப் பாதிரியாரை வேண்டி, கரை முழுக்கக் கேட்கக் குளறினேனாம். பெரியம்மா அந்தக் குளறலை அப்படியே செய்து காட்டுவா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அத்தோடு கதை முடியும். முள்ளை யார் எடுத்தது, யார் என்னைத் தூக்கியது என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கினால் போதும் என்றிருக்கும்.

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியபோது கொப்பிக்காரர் வந்தார். நல்லூர்ப் பக்கம் ஒரு மாஸ்ரர். சைக்கிள் கரியரில் பச்சை மட்டை போட்ட தடித்த கொப்பி, சட்டைப் பையில் எப்போதும் கசிகிற பேனை. கடற்கரைச் சொற்களைச் சேர்த்துப் புத்தகம் போடப்போகிறாராம். சொல் தந்தவர்களின் பேரும் பின்னால் அச்சில் வருமாம். அச்சில் பேர் வருவதென்றால் அப்போது மரண அறிவித்தலுக்கு அடுத்த மரியாதை அதுதான். கரை முழுக்கச் சொல்லுக்கு அலைந்தது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "ஒரு வீடு சொன்னால் அது வீட்டுப் பேச்சு. ரெண்டு வீடு சொன்னால்தான் ஊர்ப் பேச்சு. ரெண்டு வீடு இல்லாட்டி என்ரை பேனை அழிச்சுப்போடும்." ஒரு வீட்டில் கேட்ட சொல்லுக்கு முன் ஒரு புள்ளி வைப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் மணிக்கோபுர நிழலில் கதிரை போட்டு, புள்ளி வைத்த சொற்களை உரக்க வாசிப்பார். வேறு வீட்டிலிருந்து ஒருவர் "ஓம், நாங்களும் சொல்லுறனாங்கள்" என்றால் இரண்டாவது புள்ளி. ஒருவரும் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் முன்னால் ஒரு கீறு.

அண்ணை முதல் மாதத்திலேயே பதினேழு சொல் கொடுத்துவிட்டான். வலையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற மீனுக்கு ஒரு சொல், காற்று விழுந்தபிறகு மிஞ்சுகிற அலைக்கு ஒரு சொல் என்று. அவற்றை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு நீங்கள் குழுவில் அவனுக்குக் கைதட்டுவீர்கள். சொற்களைக்கூட விடுங்கள். ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பது தெரியாமல், அவன் ஒரு வால் வைப்பான்: "எங்கடை சித்தப்பா சொல்லுறவர்."

அந்த வால்தான் எனக்குள் போய்க் குத்தியது. பதினேழு தரம் என் அப்பா அவன் வாயைத் திறந்து கதைத்தார். என் வாயில் ஒரு தரமும் இல்லை.

பெருநாளன்று பெரியப்பா வீட்டில் சாப்பாடு. சுவாமியும் கொப்பிக்காரரும் கதிரையில், நாங்கள் பாயில். அன்று காலையில் கொப்பிக்காரர் கரையில் ஓராவைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்திருந்தார். தண்ணீரிலிருந்து வந்த புதிதில் அந்தச் சாதி ஓராவின் மேலைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் நிறத்தில் மண்ணிறக் கோடுகள், நெளிந்து, மடிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து. வெயில் ஏற ஏற மங்கிப்போகும்.

"எல்லாத்துக்கும் பேர் வைச்சிருக்கிறியள்," என்றார் கொப்பிக்காரர். "உந்தக் கோட்டுக்கு மட்டும் ஒரு சொல்லும் கிடைக்கேல்லை."

"அது கோடு மாஸ்ரர்," என்றார் பெரியப்பா. "கோட்டைக் கோடெண்டுதான் நாங்கள் சொல்லுறது."

"விஞ்ஞானப் புத்தகத்திலை ஒரு சொல்லு இருக்கு. வேர்மிக்குலேற்றட் எண்டு."

இதைக் கேட்டதும் சுவாமிக்கு முகம் விரிந்தது. லத்தீன் படித்த மனிதர். எங்கள் கரையில் அதைச் செலவழிக்க அவருக்கு இடமே கிடைப்பதில்லை. "வேர்மிஸ் எண்டால் புழு. வேர்மிக்குலுஸ் எண்டால் குட்டிப் புழு. உரோமையிலை பழைய வீடுகளின்ரை நிலத்திலை சின்னச் சின்னக் கல்லை இப்படி வளைச்சு வளைச்சுப் பதிச்சிருக்கினம். அதுக்கும் அந்தப் பேர்தான். புழு போன மாதிரி எண்டு." பிறகு கையிலிருந்த பாயாசக் கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். "இதுவும் அந்தக் குடும்பம்தான். சேமியாவுக்கு இத்தாலியிலை வேர்மிச்செல்லி. குட்டிப் புழுக்கள்."

பாயில் ஒரு கரண்டியும் அசையவில்லை. நான் அண்ணையின் காதுக்குள் குனிந்தேன். "பார் அண்ணை, உன்ரை கோப்பையிலை ஒண்டு நெளியுது." அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். வாழ்க்கையில் முதன்முறையாக அவனை வென்றேன். வென்ற சந்தோசத்தில் அவன் பங்கையும் எடுத்துக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் சுவாமி பொய் சொல்லமாட்டார் என்பது நினைவுக்கு வந்தது. பின்னேரம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொடையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தேன். பொழுதுபட அம்மாவிடம் போய்ப் பேதிமருந்து கேட்டேன். யாழ்ப்பாணத்தில் தானாக வந்து பேதிமருந்து கேட்ட முதல் பிள்ளை நான். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

ஆனால் ஒன்று மட்டும் தலைக்குள் நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்குச் சொல் இல்லை. பதினேழு சொல் வைத்திருந்தவனிடமும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கடல் வற்றிக் கிடந்தது. சேற்றில் புழுக்களும் சிப்பிகளும் ஊர்ந்த தடங்கள், ஓராவின் மேலில் இருப்பது போலவே, வளைந்து வளைந்து எங்கோ போய்க்கொண்டிருந்தன. கால் விரலால் அதில் ஒன்றைப் பின்தொடர்ந்து நடந்தேன். நடக்க நடக்க வாய்க்குள் ஒரு சொல் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. பொய் சொல்லப்போகிறவனுக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. கொப்பிக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"மாஸ்ரர், ஓராக் கோட்டுக்குப் பேர் இருக்கு. புழுநடை."

அவர் நின்றுவிட்டார். "என்ன சொன்னனி?"

"புழுநடை. புழு நடந்து போன மாதிரி."

"ஆர் சொன்னது?"

"எங்கடை அப்பா சொல்லுறவர்."

அப்பா என்ற சொல்லை நான் உரக்கச் சொல்லி எத்தனை வருடம் இருக்கும் தெரியாது. வேறொருவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போலிருந்தது. அவர் கொப்பியைச் சைக்கிள் சீற்றில் வைத்து எழுதினார். எழுத்து உலர்வதற்கு ஊதினார். ஒரு புள்ளி வைத்தார். "அருமையான சொல்லு. உங்கடை கரையிலை வேறை ஆர் சொல்லுவினம்?"

"எல்லாரும்," என்றேன். கெட்டிக்காரப் பொய்யன் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பான்.

அந்தக் கிழமை எனக்கு ஆறு நாள் சுத்திகரிப்புத்தலம். இரண்டாவது வீட்டுக்கு எங்கே போவது? யாராவது ஒருவர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டும். அப்பாவின் பேரில் சொல்லக்கூடியவன், நம்பப்படக்கூடியவன், கரையில் ஒருவன்தான் இருந்தான். வேலிப் பொட்டு வரைக்கும் மூன்று தரம் போனேன். கத்தியால் தடி சீவிக்கொண்டு இருந்தான். ஒவ்வொரு தரமும் கோழியைத் தேடி வந்தவன்போலத் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொப்பிக்காரர் ஐந்தாறு சொற்களை வாசித்தார். சிலவற்றுக்குப் புள்ளி விழுந்தது, சிலவற்றுக்குக் கீறு. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மிகவும் பிரியமாக, "புழுநடை" என்றார். விளக்கத்தையும் சொன்னார். தந்தவன் பேரையும் சொன்னார். "இவன்ரை இறந்துபோன தேப்பன் சொல்லுறவராம்."

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முக்காடு போட்ட பெண்கள் பக்கம் அம்மா நின்றா. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. என் விரல் தொடையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "இல்லை மாஸ்ரர். நான் கேள்விப்படேல்லை. என்ரை தம்பி அப்பிடி ஒண்டும்..." என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

கொப்பிக்காரர் பேனையின் மூடியைக் கழற்றினார். அந்தக் கீறு விழுந்தால் அழிவது ஒரு சொல் இல்லை. என் அப்பா என்னோடு ஒன்றும் கதைத்ததில்லை என்பது ஊருக்கு முன்னால் எழுத்தில் வந்துவிடும். அந்தப் பத்து வயதில் எனக்கு அப்படித்தான் பட்டது. இப்போதும் அது பிழை என்று சொல்லமாட்டேன்.

"ஓம். சித்தப்பா சொன்னவர்," என்றது ஒரு குரல். "நான் கேட்டனான்."

அண்ணை. பாட்டுக்குழுவின் வெள்ளைச் சட்டையோடு.

கொப்பிக்காரர் நிமிர்ந்தார். "நீ எந்த வீடு?"

"இவைக்கு அடுத்த வீடு."

"சொந்தக்காரர் அல்லோ? நடுவிலை வேலி இருக்கோ?"

"இருக்கு."

"பொட்டும் இருக்கு மாஸ்ரர்," என்றார் பின்னால் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"வேலி இருந்தால் ரெண்டு வீடுதான்," என்று கொப்பிக்காரர் இரண்டாவது புள்ளியை வைத்தார்.

நன்றி வந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். வந்தது எரிச்சல். பதினேழு சொல்லும் கத்தியும் போதாதென்று, நானாகச் செய்த ஒரே ஒரு அப்பாவுக்குள்ளும் அவன் வந்து பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதுவும் எல்லாருக்கும் முன்னால், வெள்ளைச் சட்டையோடு.

எரிச்சலுக்குப் பின்னால் பயம். அவனுக்கு நான் பொய்யன் என்று தெரியும். ஒருநாள் அதற்கு விலை கேட்பான். கேட்பதற்கு முன் நானே கொடுத்துவிடலாம் என்று என் கண்ணாடி மாபிள்களைக் கொடுத்தேன். மாம்பழத்தில் கன்னத்தைக் கொடுத்துவிட்டுக் கொட்டையை வைத்துக்கொண்டேன். அவனுடைய கணக்குப் பாடத்தை நான் எழுதிக்கொடுத்து அவன் அடியும் வாங்கினான்.

"உனக்கென்ன விசரே?" என்றான் ஒருநாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, பிறகும் ஒருநாளும் அந்தச் சொல்லைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. எனக்கு அது இன்னும் பயங்கரமாக இருந்தது. இப்படி அமைதியாக இருக்கிறவன் எவ்வளவு பெரிய விலையை யோசிக்கிறான் என்று.

கொப்பிக்காரர் அந்த மாரியோடு வருவதை நிறுத்தினார். புத்தகம் வந்ததா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. வராமலிருக்க நேர்த்தி வைத்தவன் நான். பிறகு எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்தது. வீட்டை விட்டு ஓடினோம், திரும்பினோம், மறுபடி ஓடினோம். ஓடிய ஒரு நாளில் கத்தி கூரை வளைமரத்தில் செருகியபடி போய்விட்டது, கூரையோடு. அண்ணை கனடா போய்ச் சேர்ந்தான். வருடத்தில் இரண்டு தரம், பெருநாளுக்கும் டிசம்பரில் நத்தாருக்கும், சுகமா என்று கேட்டுக்கொள்வோம்.

அந்தப் பக்கம் குழுவில் வந்து, சுன்னாகத்துக்காரர் ஏட்டைத் தேடத் தொடங்கியதும், இனி மறைக்க முடியாது என்று எனக்குப் பட்டது. ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் நான் ஒப்புக்கொண்டால் சாட்சி சொன்னவனும் பொய்யனாகிவிடுவான் அல்லவா? ஆகவே முந்தாநாள் அவனைக் கூப்பிட்டேன். ரொறன்ரோவில் காலை. சம்பல் இடிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணை, அந்தப் புழுநடைப் பக்கம் பார்த்தனியே?"

"பார்த்தன். நல்ல படம்."

"நான் உண்மையைச் சொல்லப்போறன். அது நான் விட்ட புளுகெண்டு."

இடி நின்றது. "எது புளுகு?"

"புழுநடை. அப்பா அப்பிடிச் சொல்லேல்லை. நான் இட்டுக்கட்டினது. நீயும் எனக்காகப் பொய் சொன்னனி."

"நான் ஏன்ரா உனக்காகக் கோயில் வாசலிலை பொய் சொல்லப்போறன்? அந்த நேரம் உன்னை எனக்குக் கண்ணிலையும் காட்டேலாது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவன்தான் பேசினான்.

"உனக்கு ஓரா முள்ளுக் குத்தினது நினைவிருக்கோ?"

"எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறது நினைவிருக்கு."

"அப்ப ஆர் உன்னைத் தூக்கினது? சித்தப்பாதான். வள்ளத்து முன் அணியத்திலை உன்னை மடியிலை வைச்சுக்கொண்டு, காலைச் சுடுதண்ணிச் சட்டிக்குள்ளை பிடிச்சவர். நீ சுவாமி, சுவாமியெண்டு குளறிறாய். அவர் குத்தின மீனையே எடுத்து உன்ரை தொடையிலை வைச்சார். 'அழாதை, இஞ்சை பார், புழுநடை. உந்தப் புழு எங்கை போகுதெண்டு விரலாலை பிடிச்சுக்கொண்டு போ. அது முடியிற இடத்திலை நோவும் முடியும்' எண்டார். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலாலை இழுக்கத் தொடங்கினனி. அது எங்கை முடியிறது? 'சுத்திச் சுத்தித்தான் போகும், நீ விடாமல் போ' எண்டார் சித்தப்பா. இழுத்து இழுத்து நித்திரையாப் போனாய்."

என் விரல் அப்போது எங்கே இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை அண்ணை?"

"உனக்கு முன்னாலை சித்தப்பாவைப் பற்றிக் கதைக்கக் கூடாதெண்டு அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. கோயிலிலை மாஸ்ரர் கேட்டபடியாச் சொன்னன். அதுக்கும் வீட்டை வந்து அடி வாங்கினனான்." உரலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "அதோடை, சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. சித்தப்பா எனக்கு எவ்வளவோ சொன்னவர். வலை இழுக்கேக்கை, வள்ளம் தள்ளேக்கை, ஏச்சோடை ஏச்சாச் சொன்னவர். மடியிலை வைச்சுச் சொன்னது உனக்கு மட்டும்தான். சட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். கையும் அவிஞ்சது, ஒருத்தரும் பார்க்கேல்லை. அந்த முள்ளு என்ரை காலிலை குத்தியிருக்கக் கூடாதோ எண்டு நினைச்சனான்."

அப்போது அவனுக்கு ஏழு வயது. பாருங்கள், பொறாமையிலும் அவன் என்னை முந்திவிட்டான். நான் தொடங்கியது ஐந்தாறு வயதுக்குப் பிறகுதான்.

உங்களிடம் ஒன்றை மறைக்கமாட்டேன். போனை வைத்ததும் முதலில் வந்தது ஏமாற்றம்தான். என் வாழ்நாளில் நானாகச் செய்த ஒரே ஒரு நல்ல பொருள் அந்தப் பொய் என்று நினைத்திருந்தேன். அதுவும் என்னுடையது இல்லையாம். அரைமணி நேரம் அதற்காகத் துக்கப்பட்டேன். பிறகுதான் மற்றது மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து, "இப்ப என்ன புதுப் பயம்?" என்றாள். "இது பயமில்லை," என்றேன். தேத்தண்ணியை இடதுகையால் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே குழுவுக்கு என் பதில் இது. போர்த்துக்கேயரைக் கூப்பிட வேண்டாம், ஏட்டைத் தேட வேண்டாம். கொப்பிக்காரரின் சட்டப்படி, ஒரு வீடு அண்ணையுடையது. மற்ற வீட்டில் வாய் மறந்துவிட்டது, விரல் மறக்கவில்லை.

நேற்றுக் காலை குருநகர் மீன் சந்தைக்குப் போனேன். அந்தச் சாதி ஓரா நாலைந்து கிடந்தன, கோடுகள் இன்னும் மங்காமல். முள்ளுப் பக்கத்தைத் தவிர்த்து ஒன்றை மெல்லத் திருப்பி, செவுளடியில் ஒரு கோட்டைப் பிடித்தேன். வால் வரைக்கும் போனது, திரும்பியது, வயிற்றுப் பக்கம் இறங்கியது, மறுபடி ஏறியது.

விற்கிறவர் கத்தியோடு காத்திருந்தார். "என்ன அண்ணை, வெட்டட்டோ? இல்லாட்டித் தடவிக்கொண்டே நிக்கப்போறியளோ?"

"பொறு தம்பி," என்றேன். "இது முடியிற இடத்தைப் பார்க்கிறன்."

"உது முடியாது அண்ணை. சுத்திச் சுத்தித்தான் போகும்."

"ஓம்," என்றேன். "எங்கடை அப்பாவும் சொன்னவர்."